நாற்பது வேலியும் நான்கு நிமிடமும்

எதனை மிகுதியானோர் பார்க்கின்றனரோ அதுவே பெரியது; எவரை மிகுதியானோர் தேடுகின்றனரோ அவரே பெரியவர். இவ்வாறானதொரு கோட்பாடு நம்மிடையே ஓசையின்றிப் பரவி வருகின்றது. அதனை எவரும் நூலாக எழுதவில்லை. எந்தப் பல்கலைக்கழகமும் பாடமாக வைக்கவில்லை. ஆயினும் கையடக்கத் தொலைபேசியின் திரையில் ஒவ்வொரு பாட்டின் கீழும் பொறித்திருக்கும் எண் அதனை நாள்தோறும் போதிக்கின்றது. இலட்சம் பேர் பார்த்தது உயர்ந்த பாட்டு, நூறு பேர் பார்த்தது நலிந்த பாட்டு என்பது அப்போதனையின் சாரம். மாணவரை மாத்திரம் குறை கூறுவதற்கில்லை. விழா அமைப்பாளரும் ஆசிரியரும், சில வேளைகளில் ஆராய்ச்சியாளரும் கூட, இவ்வெண்ணைச் சான்றாக எடுத்துக்காட்டத் தொடங்கிவிட்டனர்.

இக்கோட்பாடு எத்துணை உண்மையுடையது என்பதை ஒரு கலைஞரை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். அதற்கு ஏற்றவர் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவே வாழும் நமக்கு அவர் தூரத்தவர் போலத் தோன்றலாம். உண்மையில் தமிழிசை வரலாற்றில் நமது முன்னோரின் வாழ்வுக்கு அவரைவிட அண்மையில் நின்ற இசைப் புலவரைக் காண்டல் அரிது.

அவருடைய காலத்தை முதலில் நினைவுகொள்வோம். சோழநாட்டில், நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்திற் பிறந்து, மாயூரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் வாழ்விடமாகக் கொண்டவர் அவர். மணஞ்செய்துகொள்ளாது, அரசவை எதனையும் நாடாது வாழ்ந்தவர். அவருடைய நந்தனார் சரித்திரம் 1861ஆம் ஆண்டளவில், காரைக்காலிலிருந்த சீசே என்னும் பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவுடன் அச்சேறியது. அந்த ஆண்டுகளை இலங்கையின் பக்கமிருந்து நோக்குவோம். கோப்பித் தோட்டங்கள் காடுகளை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. தஞ்சை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் ஆகிய பகுதிகளின் நிலமற்ற உழவர் கங்காணிகளின் பின்னே நடந்து கடல் கடந்த காலம். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கொந்தராவில் தேயிலை பயிரிடுவதற்குச் சில ஆண்டுகள் முந்திய காலம். காவிரிக்கரையில் ஒரு புலவர் பண்ணையாளின் துயரைப் பாடிக்கொண்டிருந்தபோது, அப்பண்ணையாட்களுள் ஒரு பகுதியினர் நமது மலைகளில் ஏறிக்கொண்டிருந்தனர். பாட்டும் பயணமும் ஒரே வறுமையின் இரு விளைவுகள்.

அவர் செய்தது யாது? நந்தன் கதை அவர் கற்பித்ததன்று. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் ஒரு பெயராக நின்ற திருநாளைப்போவாரை, 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெரியபுராணத்தில் ஒரு வரலாறாக விரித்தார். ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்து, கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்துவந்த தொண்டர் அவர். நாளை போவேன் என்று நாள்களைக் கழித்து, இறுதியில் தில்லை சென்று, தீயில் மூழ்கி எழுந்து இறைவனடி சேர்ந்தார். சேக்கிழாரின் கதையில் நந்தனைத் தடுத்து நிறுத்தும் ஆண்டை இல்லை. அவனைத் தடுப்பது அவனுடைய குலம் பற்றிய எண்ணமே.

பாரதியார் அக்கதையினுள் ஒரு புதிய பாத்திரத்தைக் கொணர்ந்தார். அவர்தாம் நிலவுடைமையாளராகிய வேதியர். அந்தப் பாத்திரம் நுழைந்தவுடன் கதையின் அடித்தளமே மாறிவிடுகின்றது. பக்தனுக்கும் இறைவனுக்கும் இடையில் இப்போது நிலம் நிற்கின்றது; நிலத்தின் சொந்தக்காரர் நிற்கிறார்; அவருடைய உத்தரவு நிற்கின்றது. நந்தன் சிதம்பரம் போக வேண்டுமானால் ஆண்டையிடம் விடை கேட்க வேண்டும். ஆண்டையோ நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்துவிட்டுப் போ என்கிறார். மனிதரால் இயலாத வேலை அது. சிவபெருமானின் அருளால் ஓரிரவில் அது முடிகின்றது. அற்புதத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது யாது? உழைப்பாளியின் ஆன்மாவுக்கும் அவனது விடுதலைக்கும் நடுவே முடிக்க முடியாத ஒரு வேலை அளவு வைக்கப்பட்டிருக்கின்றது என்னும் உண்மை எஞ்சுகின்றது.

இந்த உண்மையை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அன்றைக்குரிய கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் என்னும் கணக்கை அறிந்தவர் நாம். துண்டு என்னும் விடுவிப்புச் சீட்டின்றி ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்திற்குப் போக முடியாதிருந்த தலைமுறைகளின் வழித்தோன்றல்கள் நாம். தொழிலாளியின் கடனை எழுதி, அக்கடனோடு ஆளையும் கைமாற்றிய அம்முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நந்தன் வேண்டிநின்ற உத்தரவும் நமது பாட்டன்மார் வேண்டிநின்ற துண்டும் ஒரே சாதிப் பொருள்கள். இவ்வுண்மையைத் தமிழிசைக்குள் முதன்முதலிற் கொணர்ந்த பெருங்கலைஞர் பாரதியார் என்பதே அவருடைய வரலாற்றுப் பெருமையின் முதற் கூறு.

இரண்டாவது கூறு வடிவம் பற்றியது. கீர்த்தனை என்னும் சபை வடிவத்தோடு நொண்டிச் சிந்து, கும்மி, கண்ணி முதலிய மக்கள் வடிவங்களை அவர் ஒரே நூலில் இணைத்தார். களத்துமேட்டிலும் தெருவிலும் திரிந்த மெட்டுகள் இராகம் அறிந்தவர் முன்னிலையில் தலைநிமிர்ந்து நின்றன. ஒரு பண்ணையாளை நாயகனாக்கி முழுநீள இசைநாடகம் செய்தவருக்கு அவனுடைய மொழியும் அவனுடைய சந்தமும் தேவைப்பட்டன. இதனை அக்காலப் புலமை எளிதில் ஏற்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நூலில் இலக்கண வழுக்கள் மலிந்திருந்தமையாற் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என்பதையும், பின்னர்ப் பாரதியார் பாடக்கேட்டு உள்ளம் உருகி அதனை அளித்தார் என்பதையும் உ. வே. சாமிநாதையர் எழுதிவைத்திருக்கின்றார். பாரதியாரிடம் சிறிது காலம் இசை பயின்றவர் அவர். 1936இல் பாரதியாரின் வரலாற்றைத் தனிநூலாகவே வெளியிட்டவர்.

மூன்றாவது கூறு அவருக்குப் பின் நிகழ்ந்தது. கதாகாலட்சேபக்காரர்கள் நந்தன் கதையை ஊர்தோறும் கொண்டுசென்றனர். நாடக மேடையும் திரைப்படமும் அதனை எடுத்துக்கொண்டன. இவற்றினும் மேலான சான்று ஒன்று உண்டு. சுப்பிரமணிய பாரதியார், சுயராச்சியம் கேட்ட இந்தியனை ஆங்கில உத்தியோகத்தன் ஏசுவதாக ஒரு பாடல் இயற்றியபோது, நந்தனை ஆண்டை ஏசும் பாட்டின் மெட்டையே அதற்குத் தேர்ந்தார். இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். அந்த மெட்டைக் கேட்ட மாத்திரத்தில் ஆண்டையின் அதிகாரக் குரல் மக்கள் செவியில் ஒலித்திருக்க வேண்டும். அந்நிய ஆட்சி யாது என்பதை விளக்க வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஒரு கலைஞனின் படைப்பு அடுத்த தலைமுறையின் போராட்டத்திற்குப் படைக்கலம் ஆகுமெனில், அதனைவிடப் பெரிய வரலாற்று முக்கியத்துவம் வேறு யாது?

இனி இன்றைய கவனத்தின் கணக்குக்கு வருவோம். யூடியூபில் நந்தனார் பாட்டைத் தேடுகின்ற மாணவனுக்குக் கிடைப்பது என்ன? கச்சேரியின் இறுதிப் பகுதியிற் பாடப்பெற்ற துக்கடாக்கள்; நான்கு நிமிடத்திற்கு வெட்டப்பட்ட உருக்கமான துண்டுகள்; பழைய படக் காட்சிகள். தலைப்பிற் பாடகரின் பெயர் பெரிதாக இருக்கும். இராகத்தின் பெயரும் சில வேளை இருக்கும். இயற்றியவரின் பெயர் இருந்தால் அது நற்பேறு. 1935இற் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்த படத்தைப் பற்றி இன்றும் மிகுதியாகப் பேசப்படுவது அவர் பெற்ற ஓர் இலட்சம் ரூபா ஊதியமே. 1942இல் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்த ஜெமினி நிறுவனத்தின் படத்திற்குப் பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் பாடல்கள் இயற்றினர். இவை யாவும் நந்தனார் பாட்டு என்னும் ஒரே பெயரின்கீழ்க் கலந்து கிடக்கின்றன. எது எவருடையது என்று கேட்பாரில்லை.

இக்கலப்பு சிறிய குற்றம். பெரிய குற்றம் வேறு. நான்கு நிமிடத் துண்டிற்குள் நுழையக்கூடியது நந்தனின் ஏக்கம் ஒன்றே. தில்லையைக் காணத் துடிக்கும் பக்தனின் கண்ணீருக்கு எங்கும் இடமுண்டு. ஆண்டையின் ஏச்சுக்கு இடமில்லை. நாற்பது வேலிக்கு இடமில்லை. நந்தனோடு ஒத்துப்போக அஞ்சிய சேரிப் பெரியோரின் வாக்குவாதத்திற்கு இடமில்லை. எவனிடமிருந்து தப்பிச் செல்ல நந்தன் ஏங்கினானோ அவனை நீக்கிவிட்டு, ஏக்கத்தை மட்டும் விற்பனைக்கு வைத்திருக்கின்றனர். துன்பத்தைத் தந்தவனை மறைத்துத் துன்பத்தை மாத்திரம் இன்சுவையாகப் பரிமாறுவது ஆளும் வர்க்கக் கலைக்குப் புதியதன்று. சபா மேடை இதனைத் தொடங்கிவைத்தது. திரை அதனைக் கச்சிதமாக முடித்துவைக்கின்றது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அது நமது அணியிலிருந்தே எழும் என்பதால் அதனை மதித்து விடைகூற வேண்டும். "நீங்கள் மக்களை நம்புகிறவர்கள் அல்லவா? மக்கள் எதை விரும்புகிறார்கள் என்பதைத்தானே அந்த எண் காட்டுகின்றது? அதனை இகழ்வது பண்டிதரின் செருக்கன்றோ?" என்பர்.

மக்கள் விருப்பத்தை இகழ்பவர் பாரதியாரின் பெயரையே எடுக்கத் தகுதியற்றவர். பண்டிதர் தயங்கிய நூலைப் பாடித் திரிந்தவர்கள் மக்கள். ஆனால் மக்களின் விருப்பமும் திரையின் எண்ணும் ஒன்றாகா. அன்று ஒருவர் நந்தன் பாட்டை விரும்பினார் என்றால் அதனைத் தம் வாயாற் பாடினார், வயலில் முணுமுணுத்தார், இரவு முழுதும் அமர்ந்து கதையை முடிவு வரை கேட்டார், பிள்ளைக்குச் சொன்னார். இன்று ஒரு பாட்டு சில கணங்கள் திரையில் ஓடியதும் கணக்கில் ஒன்று கூடிவிடுகின்றது. அந்தக் கணக்கு விளம்பரம் விற்பதற்காக வைக்கப்பட்ட கணக்கு. ஏற்கெனவே பார்க்கப்பட்டதையே மேலும் பலர் முன் வைப்பது அந்தக் கடையின் வழக்கம். ஆதலால் பெருத்தது மேலும் பெருக்கும், மெலிந்தது மேலும் மெலியும். கணக்குப் புத்தகம் கடைக்காரரின் கையில் இருக்கின்றது. அதனை மக்கள் தீர்ப்பு என்பது, சந்தையின் விலைப்பட்டியலை மக்களாட்சியின் வாக்குச்சீட்டு என்பதற்கு ஒப்பாகும்.

மேலும், அந்தக் கணக்கில் எல்லா மக்களும் இல்லை. லயத்தின் ஓர் அறையில் ஒரே தொலைபேசியை ஐவர் சூழ்ந்திருந்து கேட்டாலும் கணக்கில் விழுவது ஒன்று. மாசி மாதத்தில் ஒரு தோட்டமே திரண்டு விடியும்வரை காமன் கூத்து ஆடினாலும் கணக்கில் விழுவது சுழியம். பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் நூறாண்டுகளாக நம் மக்களின் நெஞ்சில் நின்றவை. அவற்றின் கீழே எந்த எண்ணும் இல்லை. கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை, தோட்டத் தொழிலாளரின் துயரை யாவரும் அறிந்த மெட்டுகளிற் பாட்டாக்கித் தொழிற்சங்க மேடைகளிற் பாடினார். கூட்டத்தைக் கூட்டியது அந்தக் குரல். அதனை எத்தனை பேர் பார்த்தனர் என்று எந்த இயந்திரம் சொல்லும்? எண்ணப்படாத மக்களின் பிள்ளைகளாகிய நாம், எண்ணிக்கையை உண்மையின் அளவுகோலாக ஏற்பது நம்மை நாமே அழித்துக்கொள்வதாகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர் இந்த நாடே நம்மை எண்ணாமல் விட்டிருந்ததை மறந்துவிட்டோமா? எண்ணப்படாமையால் நாம் இல்லாமற்போய்விட்டோமா?

உலக வரலாறும் இதற்குச் சான்று பகரும். ஜெர்மானிய இசைமேதை பாக் 1750இல் இறந்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் அவருடைய பெரும் படைப்புகளைப் பொதுமக்கள் கேட்கவில்லை. 1829இல் இருபது வயது இளைஞரான மென்டல்சன், பாக்கின் மத்தேயு பாடுகளின் இசையைப் பெர்லினில் மீண்டும் அரங்கேற்றினார். அதற்கு முந்திய ஆண்டுகளில் எண்ணிக்கையை வைத்து அளந்திருந்தால் பாக் சிறியவர். ஆனால் மோட்சார்ட்டும் பீதோவனும் அவரைப் பயின்றே வளர்ந்தனர். மறுபுறம் சாலியெரியை நோக்குங்கள். பீதோவனுக்கும் ஷூபர்ட்டுக்கும் லிஸ்ட்டுக்கும் ஆசிரியராயிருந்தவர் அவர். இன்று அவர் பெயரை உலகம் அறிவது 1984இல் வெளிவந்த ஒரு திரைப்படம் அவரைப் பொறாமைக்காரராகச் சித்திரித்தமையால். கவனம் கிடைத்தது, உண்மை கிடைக்கவில்லை. கவனம் என்பது வானிலை போன்றது, மாறிக்கொண்டே இருக்கும். வரலாற்று முக்கியத்துவம் நிலத்தின் அமைப்பைப் போன்றது. மூடுபனி மூடினாலும் மலை மலையே.

எனினும், இதனைக் கூறியதும் மற்றொரு கூட்டம் நம்மோடு கைகோக்க ஓடிவரும். எண்ணிக்கை பாமரருக்கு, பெருமை இரசிகருக்கு என்று கூறும் கூட்டம் அது. அவர்களோடு நமக்கு உறவில்லை. அவர்களுடைய வரலாறும் ஒருவகை எண்ணிக்கையே. அங்கே எண்ணப்பட்டவர் முன்வரிசையில் அமர்ந்தோர் மட்டுமே. தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் கடைசியில் ஒதுக்கிவைத்தது அவ்வரிசைதான். அதற்கெதிராக 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் குரல் எழவும், 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றவும் நேர்ந்தது. மத்தளத்திற்குத் தோல் கட்டிய கைகளை அவ்வரிசை நினைத்ததுண்டா? மிருதங்கம் செய்யும் கைவினைஞரின் வாழ்வைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020இல் நூல் எழுதியபோது அது பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. தோலும் நரம்பும் கொடுத்த நந்தனைப் பற்றிச் சேக்கிழார் எழுதி எண்ணூற்றாண்டுக்கு மேலாகியும் அது புதுச் செய்தி!

ஆகவே பெருமையை அளக்க நமக்கு வேறு அளவை வேண்டும். கலைஞன் எவரைக் கலைக்குள் கொண்டுவந்தான்? எந்த வடிவத்தை யாருக்குத் திறந்துவிட்டான்? அவனை வைத்துக்கொண்டு பின்வந்தோர் என்ன செய்தனர்? இம்மூன்று வினாக்களும் எண்ணால் விடைகூற இயலாதவை. படித்தும் கேட்டும் ஆராய்ந்தும் விவாதித்தும் மட்டுமே விடை காணத்தக்கவை.

இவ்வளவை பாரதியாரைத் தெய்வமாக்கவும் இடங்கொடாது. அவருடைய நந்தன் இறுதியில் தீயினுள் இறங்குகின்றான். புலையனாக அவன் கோயிலினுள் நுழைய முடியவில்லை. உடலை எரித்துத் தூயவனாகிய பின்னரே வாயில் திறக்கின்றது. ஆண்டை மனம் மாறி நந்தனின் காலில் விழுகின்றார்; ஆனால் நிலம் கைமாறுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் நிலவுடைமைச் சமுதாயத்தில் வாழ்ந்த ஓர் அந்தணப் புலவரின் கண்ணுக்கு எட்டிய எல்லை அது. புதுமைப்பித்தன் புதிய நந்தன் என்னும் சிறுகதையை எழுத நேர்ந்தது அந்த எல்லை போதாமையாலேயே. நமது நாட்டில் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் நின்றவர்கள் தீக்குளித்துத் தூய்மை பெற முன்வரவில்லை. மனிதராகவே நுழைய உரிமை கேட்டனர். நந்தனின் ஏக்கத்தை அவர்கள் போராட்டமாக வளர்த்தெடுத்தனர்.

ஆனால் இந்தக் குறையைக் காண்பதற்கும் முழுப் படைப்பு வேண்டும். நான்கு நிமிடத் துண்டைக் கேட்பவருக்குப் பாரதியாரின் பெருமையும் தெரியாது. அவருடைய எல்லையும் தெரியாது. தெரிவது குரலின் இனிமை ஒன்றே. விமரிசனத்திற்கு இடமில்லாத இனிமை உறக்கமருந்து.

எனவே ஆசிரியர்களே, மாணவர்களே, நம்முன் உள்ள பணி தெளிவானது. சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகளின் நிலைமையை நாம் அறிவோம். தமிழ்ப் பாடசாலைகள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக்கிடக்கின்றன. சங்கீத ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் பல. அங்குள்ள பிள்ளைக்குச் சங்கீத ஆசிரியராக அமைவது தொலைபேசித் திரையே. அதனைப் பிடுங்கி எறியுமாறு எவரும் கூறவில்லை. அத்திரையில் பழைய ஒலிப்பதிவுகளும் கிடைக்கின்றன. இலவச நூலகங்களும் கிடைக்கின்றன. எண்ணைப் பார்க்கும் கண்ணை மாற்றுவதே நமது கடமை. ஒரு பாட்டைக் கேட்டவுடன் நான்கு வினாக்களைக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோம்: இயற்றியவர் யார்? பாட்டில் பேசுபவர் யார்? எவரை நோக்கிப் பேசுகின்றார்? இதற்கு முன்னும் பின்னும் என்ன நிகழ்ந்தது? இந்த வினாக்களுக்கு இசைப்பட்டம் தேவையில்லை. தமிழாசிரியரும் வரலாற்றாசிரியரும் இவற்றைக் கேட்கலாம்.

நந்தனார் சரித்திரத்தை முழுமையாக வகுப்பில் வாசிக்கலாம். ஆண்டையும் நந்தனும் வாதிடும் பகுதியை மாணவர் மன்றத்தில் நடித்துக்காட்டலாம். அதன்பின் துண்டுமுறையின் வரலாற்றைச் சொல்லிப்பாருங்கள். எவ்விதப் பொழிப்புரையுமின்றி அவர்கள் நந்தனை அறிந்துகொள்வர். தங்கள் லயத்து முதியோரிடம் கும்மியும் ஒப்பாரியும் காமன் பாட்டும் கேட்டு எழுதிவருமாறு கூறுங்கள். பாரதியார் எடுத்தாண்ட சந்தங்களின் உறவினரை அங்கே அவர்கள் காண்பர். எண் எதுவும் பொறிக்கப்படாத அப்பாட்டுகளைப் பதிவுசெய்து வைப்பது நாளைய வரலாற்றுக்கு நாம் செய்யும் தொண்டு.

நாற்பது வேலியை ஓரிரவில் முடித்துத் தரப் பூதங்கள் வரப்போவதில்லை. நமது பிள்ளைகளின் செவியையும் சிந்தையையும் பண்படுத்தும் வேலையும் அவ்வாறே. அதனை எந்த அற்புதமும் முடித்துத் தராது. கூட்டாக, நாள்தோறும், வகுப்பறை வகுப்பறையாக நாமே செய்ய வேண்டிய வேளாண்மை அது. அந்த விளைச்சலை அளக்கும் மரக்காலைக் கடைக்காரரிடம் இரவல் கேளாதிருப்போம்.